பழைய கணினியும் பந்தய விளையாட்டும்



2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள், கொரோனா பெருந்தொற்றின் காரணமாக நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிக் கதவுகள் அடைபட்டன. பாடங்கள் வீட்டைத் தேடி வந்தன. அக்காலத்தில் பாகான் நக்கோடா ஓமார், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் வாழும் பெற்றோர் சிலர், கைப்பொருளைத் திரட்டித் தம் பிள்ளைகளுக்குக் கணினி வாங்கித் தந்தனர். புதியது வாங்க இயலாதோர், பிறர் பயன்படுத்திய பழைய கணினியை வாங்கினர். பாடத்திற்கு அது போதுமானதாகவே இருந்தது.

ஆனால், அதே கணினியில் பந்தயக் கார் விளையாட்டைத் திறந்தால் அது திணறுகிறது. வண்டி திக்கித் திக்கி நகர்கிறது. வளைவில் திருப்பினால் சற்றுப் பொறுத்தே திரும்புகிறது. அதற்குள் வண்டி சுவரில் மோதிவிடுகிறது. "கணினி பழசாகிவிட்டது, வேறொன்று வாங்கிக் கொடுங்கள் அப்பா" என்று பிள்ளை கேட்கிறான்.

இதற்கு இல்லங்களில் இருவகை விடைகள் கிடைக்கின்றன. "விளையாட்டே வேண்டா, படிப்பைப் பார்" என்பது ஒன்று. தவணை முறையில் புதுக் கணினி எடுத்துத் தருவது மற்றொன்று. இவ்விரண்டும் பொருத்தமானவையல்ல என்பதே என் கருத்து. முன்னது பிள்ளையின் ஆர்வத்தை அணைக்கின்றது. பின்னது குடும்பத்தின் கையிருப்பைக் கரைக்கின்றது. மூன்றாவதாக ஒரு வழியுண்டு. கணினி எந்த இடத்தில் திணறுகிறது என்பதை அளந்தறிந்து, அவ்விடத்திற்கு மட்டும் செலவிடுவதே அவ்வழி. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று நம் முன்னோர் கூறியது இதற்கும் பொருந்தும்.

கணினிக்கு உண்மையில் என்ன நேர்கிறது? திரையில் ஓடும் கார் உண்மையில் ஓடுவதில்லை. கணினி, படத்தின்மேல் படமாக வரைந்து காட்டுகிறது. நொடிக்கு 60 படங்கள் வரைந்தால் ஓட்டம் வழுக்கிச் செல்வதுபோல் தோன்றும். அவ்வாறாயின் ஒரு படத்தை வரைய அதற்குக் கிடைக்கும் காலம் ஒரு நொடியில் 60இல் ஒரு பங்கே. அக்காலத்திற்குள் சாலை, மரம், நிழல், எதிர்வரும் வண்டி யாவற்றையும் கணக்கிட்டு வரைதல் வேண்டும். கட்டுரை எழுதும்போது கணினி சற்றே தாமதித்தாலும் நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. பந்தயத்தில் அது உடனே தெரிந்துவிடுகிறது. ஆதலின், பந்தய விளையாட்டு கணினியின் குறையைக் காட்டும் கண்ணாடி எனலாம்.

இனி, செலவின்றிச் செய்யக்கூடியவற்றை முதலில் காண்போம்.

நம் வட்டாரம் கடற்காற்று வீசும் ஈரமான நிலம். செம்பனை ஏற்றிய லாரிகள் செல்லும் மண்சாலையின் புழுதி ஒருபுறம். வீட்டினுள் சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் மறுபுறம். இவையெல்லாம் கணினியின் விசிறியில் பசைபோல் ஒட்டிக்கொள்கின்றன. விசிறி அடைபட்டால் உள்ளே வெப்பம் மிகும். வெப்பம் எல்லை கடந்தால், கணினியின் செயலி தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பந்தயம் தொடங்கிப் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திணறுமாயின், பெரும்பாலும் வெப்பமே காரணம். பெரியவர் ஒருவர் மின்தொடர்பை அறவே நீக்கியபின், மென்மையான தூரிகையால் தூசியை அகற்றினாலே பாதி நோய் தீர்ந்துவிடும். செயலியின்மீது பூசப்பட்ட வெப்பப் பசை காய்ந்திருந்தால், கடைக்காரர் அதனைத் துடைத்துப் புதிது பூசித் தருவார்.

அடுத்து, விளையாட்டின் அமைப்புப் பகுதியைத் திறந்து, திரையின் படப்புள்ளி அளவைக் குறைத்துப் பார்க்கலாம். மாணவர்களே, இங்கே சிறு கணக்கு ஒன்று போடுங்கள். 1920ஐ 1080ஆல் பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். 1280ஐ 720ஆல் பெருக்கினால் 9,21,600 புள்ளிகள். அளவைக் குறைத்தவுடன் கணினி வரைய வேண்டிய வேலை பாதிக்கும் கீழே வந்துவிடுகிறதல்லவா? இதில் இன்னொரு பயனும் உண்டு. புள்ளிகளைக் குறைத்ததும் ஓட்டம் சீராகுமாயின், படம் வரையும் பகுதியே வலுவற்றது என்று அறியலாம். குறைத்தும் மாற்றமில்லையாயின், செயலியிலோ நினைவகத்திலோதான் குறை இருக்க வேண்டும். காசு செலவின்றி நோயின் இடத்தைக் காட்டும் சோதனை இது.

மடிக்கணினியாயின், மின்னேற்றியைச் செருகிய பிறகே விளையாடுதல் வேண்டும். மின்கலத்தில் ஓடும்போது அது தன் வேகத்தைச் சுருக்கிக்கொள்ளும். பின்னணியில் ஓடும் வேண்டாத செயலிகளையும் நிறுத்திவிட வேண்டும். யாரோ தந்த களவு நகல் விளையாட்டை ஏற்றியிருந்தால், அதனோடு நச்சு நிரலும் புகுந்திருக்கக்கூடும். பணம் மிச்சம் என்று எண்ணிப் பெற்ற நகல், கணினியையே முடக்கிவிடும்.

இவற்றையெல்லாம் செய்தும் குறை தீரவில்லையாயின், அப்போது சிறு செலவைப் பற்றி எண்ணலாம்.

'டாஸ்க் மேனேஜர்' என்னும் பகுதியைத் திறந்து, விளையாட்டு ஓடும்போது பாருங்கள். 'ரேம்' எனப்படும் நினைவகம் முழுவதும் நிரம்பி வழிந்தால், அதுவே இடர்ப்பாடு. 4 ஜிகாபைட் நினைவகமுள்ள பழைய கணினியை 8 ஜிகாபைட்டாக உயர்த்துவது பயன் தரும். தனி வரைகலை அட்டை இல்லாத கணினிகள், படம் வரைவதற்கும் இதே நினைவகத்தையே பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே, அவற்றில் ஒரே அளவுள்ள இரண்டு நினைவக அட்டைகளை இணையாகப் பொருத்துவது படவேகத்தையும் கூட்டும். ஆனால், டிடிஆர்3 வகைக்குரிய இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது. மேசைக் கணினிக்குரியது மடிக்கணினியில் பொருந்தாது. பழைய அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று காட்டி வாங்குவதே அறிவுடைமை. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறியதால், பயன்படுத்திய நல்ல அட்டையையும் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது, சேமிப்புத் தட்டு. பழைய கணினிகளில் சுழலும் வன்தட்டே இருக்கும். அதற்கு மாற்றாக, சுழலும் உறுப்பே இல்லாத 'எஸ்.எஸ்.டி.' தட்டைப் பொருத்தினால், கணினி திறப்பதும் விளையாட்டு தொடங்குவதும் வியக்கத்தக்க அளவில் விரைவாகும். எனினும், ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறேன். எஸ்.எஸ்.டி. காத்திருக்கும் நேரத்தைக் குறைக்குமேயன்றி, படம் வரையும் வலுவைக் கூட்டாது. விற்பவர் வேறுவிதமாகச் சொன்னால் நம்ப வேண்டா. பாட வேலைகளுக்கும் இதனால் பயனுண்டு என்பதால், இது வீண்செலவாகாது.

கடைசியாக எண்ண வேண்டியது வரைகலை அட்டை. பிள்ளைகள் முதலில் கேட்பதோ இதையே! மடிக்கணினிகளில் பொதுவாக இதை மாற்ற இயலாது. மேசைக் கணினியிலும், பெட்டியில் இடமிருக்கிறதா, மின்வழங்கி தாங்குமா என்று பார்த்தல் வேண்டும். தாய்ப்பலகையின் செருகுமிடம் 75 வாட் வரையே மின்சாரம் தரும். அதற்கு மேல் வேண்டும் அட்டைக்குத் தனி மின்கம்பியும் வலுவான மின்வழங்கியும் தேவை. அட்டையை வாங்கிவிட்டு, பிறகு மின்வழங்கியையும், அதன்பின் செயலியையும் மாற்ற நேர்ந்தால், அச்செலவு புதுக் கணினியின் விலையை எட்டிவிடும். அங்கே நிறுத்திக்கொள்வதே நன்று.

எவ்வளவு செப்பனிட்டாலும் பழைய கணினிக்கு ஓர் எல்லை உண்டு. 2021இல் வெளிவந்த 'ஃபோர்சா ஹொரைசன் 5' என்னும் பந்தய விளையாட்டு, குறைந்த அளவாகவே 8 ஜிகாபைட் நினைவகமும் 110 ஜிகாபைட் இடமும் தனி வரைகலை அட்டையும் கேட்கிறது. நம் பழைய கணினியிடம் அதை எதிர்பார்ப்பது, மூத்த மாட்டைக் கொண்டு மலையை உழச் சொல்வதற்கு ஒப்பாகும். அதற்கேற்ற விளையாட்டைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 'சூப்பர்டக்ஸ்கார்ட்' என்பது இலவசமானது. எளிய கணினியிலும் ஓடக்கூடியது. மேலும், விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளில் இலவசமான லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றலாம். சூப்பர்டக்ஸ்கார்ட் அதிலும் ஓடும். உலாவியில் திறக்கும் பள்ளிப் பாடங்களும் ஓடும்.

பெற்றோர்களே, தோட்டத் தொழிலாளியின் ரிங்கிட் எவ்வளவு உழைப்பில் வருகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025 பிப்ரவரி முதல் நாள் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதனுள்ளே அரிசி, பருப்பு, மருந்து, மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளைகளின் படிப்பு யாவும் அடங்க வேண்டும். ஒரு விளையாட்டின் பொருட்டு இன்னொரு தவணையைத் தலைமேல் ஏற்றிக்கொள்வது தகுமா? தூசி தட்டினால் தீரும் குறைக்குப் புதுக் கணினி வாங்குவது எவ்வளவு பெரிய இழப்பு!

அவ்வாறாயின், விளையாட்டே வேண்டா என்று விலக்கிவிடலாமே எனச் சிலர் கேட்பர். நான் அதற்கு உடன்படேன். கோயம்புத்தூரைச் சார்ந்த நரேன் கார்த்திகேயன், 2005ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். நடிகர் அஜித்குமாரின் அணி, 2025 சனவரியில் துபாய் 24 மணிநேரப் போட்டியில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. நம் சிலாங்கூரிலேயே, சிப்பாங் ஓடுதளத்தில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் பந்தயம் நடைபெற்றது. பிள்ளைகள் இவற்றைக் கண்டு வேகத்தில் ஆசை கொள்வது இயல்பே. ஆனால், பந்தயத்தில் ஓட்டுநர் மட்டுமா வெல்கிறார்? சக்கரத்தையும் பொறியையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, குறையைக் கண்டு, நொடியில் ஒரு பங்கை மிச்சப்படுத்தித் தரும் தொழில்நுட்பரும் அங்கே வெல்கின்றனர். பழைய கணினியைச் செப்பனிடும் பிள்ளை அந்தத் தொழில்நுட்பரின் முதற்பாடத்தைக் கற்கிறான்.

நமக்கு அண்மையில், சுங்கை ஆயர் தாவாரில், சுல்தான் இட்ரிஸ் ஷா பல்தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே மின்னியல் படிக்கும் தகுதி, பதினேழு வயதில் திடீரென்று வந்துவிடாது. பத்து வயதில் 'இது ஏன் திணறுகிறது?' என்று கேட்கத் தொடங்கிய மாணவனுக்கும் மாணவிக்கும் அது எளிதில் வரும். புதுக் கணினி வாங்கித் தந்தால் பிள்ளை அதைப் பயன்படுத்துவான். பழையதைச் செப்பனிடப் பழக்கினால் அதைப் புரிந்துகொள்வான். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

ஆகவே, மாணவச் செல்வங்களே! "வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்பதற்கு முன்னர் ஒரு தாளை எடுங்கள். கணினியின் நினைவகம் எவ்வளவு, எந்த நேரத்தில் திணறுகிறது, புள்ளி அளவைக் குறைத்ததும் என்ன நடந்தது என்பவற்றை எழுதுங்கள். அத்தாளோடு அப்பாவிடமும் அம்மாவிடமும் செல்லுங்கள். வீட்டுப்பாடம் முடிந்த பின்னரே விளையாடுங்கள். நேர அளவைப் பெற்றோரே வகுக்கட்டும். இடி மின்னல் வேளையில் கணினியின் மின்செருகியைப் பிடுங்கிவிட மறவாதீர்கள்.

பெற்றோர்களே! அந்தத் தாளைப் படியுங்கள். புரியாவிடின் பிள்ளையையே விளக்கச் சொல்லிக் கேளுங்கள். நம் பெற்றோர் ஆசிரியர் சங்கம், பள்ளி விடுமுறையில் ஒரு காலைப் பொழுதை இதற்கென ஒதுக்கி, தோட்டத்தில் மூலையில் கிடக்கும் கணினிகளை விவரம் அறிந்த இளைஞர்களைக் கொண்டு துடைத்துச் சோதிக்க ஏற்பாடு செய்யலாம் என்பது என் வேண்டுகோள். ஒருவர் வீட்டில் பயனற்ற நினைவக அட்டை மற்றொருவர் வீட்டுக் கணினிக்கு உயிர் தரக்கூடும்.

அளந்தறிந்து செலவிடும் குடும்பம் கடனில் வீழாது. ஆராய்ந்தறியும் பிள்ளை வாழ்வில் பின்தங்காது. நம் தோட்டத்துச் செல்வங்கள் திரையிலும் வெல்லட்டும், வாழ்க்கையிலும் வெல்லட்டும்!