பிள்ளைகளின் கையைத் தட்டிவிடாதீர்கள்



முதல் போடாமல் லாபம் இல்லை என்பது நாம் அறிந்ததே. பிள்ளைகளின் கண்டுபிடிக்கும் புத்திக்கும் ஒரு முதல் தேவை. பெற்றவர்கள் சிறு வயதிலேயே கொடுக்கும் ஊக்கம்தான் அது.

விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் நம்மைப் போன்ற கடைக்காரர்களே. அமெரிக்காவில் டேட்டன் நகரில் 1892-இல் சைக்கிள் கடை வைத்தவர்கள். இருவரும் கல்லூரிப் படியை மிதித்ததில்லை. 1878-இல் அண்ணன் வில்பருக்கு வயது 11, தம்பி ஆர்விலுக்கு 7. வெளியூர் போய்த் திரும்பிய தந்தை ஒரு பறக்கும் பொம்மை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம், ரப்பர் வளையம், அவ்வளவுதான். அது உடைந்தபின் பிள்ளைகள் தாங்களே அதைப்போல் செய்து பார்த்தார்கள். பெரிதாகச் செய்தபோது சரியாகப் பறக்கவில்லை. ஏன் என்ற கேள்வி மனதில் தங்கிவிட்டது. தாயார் சூசன், வண்டி செய்யும் தம் தந்தையின் பட்டறையில் வளர்ந்தவர். பிள்ளைகளுக்குத் தம் கையாலேயே விளையாட்டுச் சாமான் செய்து கொடுத்தார். அறிவு ஆர்வத்துக்கு ஊக்கம் தரும் வீட்டில் வளர்ந்தது தங்கள் பாக்கியம் என்று ஆர்வில் பிற்காலத்தில் சொன்னார்.

பின்னர் கடை லாபத்தைக் கொண்டே, கடைப் பட்டறையிலேயே பாகங்கள் செய்து, 1903 டிசம்பர் 17 அன்று பறந்தார்கள். முதல் முறை 12 விநாடி, 120 அடி தூரம்.

நாம் என்ன செய்கிறோம்? பள்ளி விட்டுக் கடைக்கு வரும் பிள்ளை எதைத் தொட்டாலும் "வைடா கீழே" என்கிறோம். நானும் அப்படிச் செய்தவன்தான். என் மகன் எட்டு வயதில் மண்டியிலிருந்த ஸ்பிரிங் தராசைக் கழற்றிவிட்டான். அடித்தேன். அதன்பின் அவன் எதையும் கழற்றவில்லை. இன்று நாணயமான வியாபாரி; அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் புதிதாக ஒன்று செய்யலாமா என்றால், "எதுக்குப்பா வம்பு" என்கிறான். அந்தப் பயம் நான் கொடுத்தது. தராசைச் சில ரூபாயில் சரிசெய்துவிட்டேன். இதைச் சரிசெய்ய முடியவில்லை.

இப்போது பேரன் பழுதான கால்குலேட்டரைக் கொண்டுவந்து, "தாத்தா, இதுக்குள்ள என்ன இருக்கு?" என்றான். திருப்புளியை எடுத்துக் கொடுத்தேன்.

விலை உயர்ந்த பொம்மை வாங்கித் தரச் சொல்லவில்லை. மின்சாரம், கூர்மையான கருவி என்றால் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டியதுதான். மற்றபடி, கடையில் கழித்துப்போட்ட பழைய சாமானைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்டுபிடிப்பாளர் ஆவார்கள் என்பது ஆண்டவன் கையில். தடுக்காமல் இருப்பது நம் கையில்.