வீட்டுக் கணிப்பொறிகளுக்கு நிலையான எண் வேண்டுமா?

உங்கள் ஊர் நூலகத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். படிக்க வருகிறவர் காலியாக உள்ள எந்த நாற்காலியிலும் அமரலாம். இன்று ஜன்னலோரம், நாளை கதவோரம். அதனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் நூலகரின் மேசை நாள்தோறும் இடம் மாறினால் என்ன ஆகும்? புத்தகம் திருப்பித் தர வந்தவர்கள் அவரைத் தேடி அலைய வேண்டியதுதான்.

வீட்டிலுள்ள கணிப்பொறி, கைப்பேசி, அச்சுப்பொறி ஆகியவை ஒரே ரவுட்டரோடு இணையும்போது நிலைமை இதுவே. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐ.பி. முகவரி வேண்டும். 192.168.1.20 என்பது போல, 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்களால் ஆனது அது. 192.168 என்று தொடங்கும் எண்கள் தனி வலைப்பின்னல்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை; 1996-இல் வெளியான விதிமுறை அப்படிச் சொல்கிறது. ஆகவே உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அதே எண் இருந்தால் மோதல் வராது.

எண்களைப் பங்கிடும் வேலையை ரவுட்டரே செய்கிறது. டிஹெச்சிபி என்னும் இம்முறையின் முதல் விதிமுறை 1993-இல் வெளிவந்தது. புதிதாக வந்த கருவி "எனக்கு எண் தருவார் உண்டா?" என்று கூவும். ரவுட்டர் ஓர் எண்ணைக் காட்டும். கருவி "அதையே தாருங்கள்" என்று கேட்கும். ரவுட்டர் "சரி" என்னும். நான்கே செய்திகள்! கிடைத்த எண் சொந்தமன்று, குத்தகைதான்.

"எல்லாவற்றுக்கும் நீயே நிலையான எண் கொடுத்துவிடு, இணையம் வேகமாகும்" என்று சிலர் மாணவர்களுக்கு உபதேசம் செய்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த நான்கு செய்திகள் மிச்சமாகுமே தவிர, வேகம் கூடாது. படிக்க வருகிறவருக்கு நிலையான நாற்காலி எதற்கு? அச்சுப்பொறி, எல்லோருக்கும் பொதுவாகக் கோப்புகளை வைத்திருக்கும் கணிப்பொறி, கண்காணிப்புக் கேமரா போன்று மற்றவை தேடி வரும் கருவிகளுக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

கொடுப்பதிலும் கவனம் வேண்டும். எங்கள் வீட்டு அச்சுப்பொறிக்கு நானே 192.168.1.5 என்று எண் கொடுத்தேன். ரவுட்டர் பங்கிடும் எண்களிலும் அது இருந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு நாள் மின்வெட்டுக்குப் பிறகு அச்சுப்பொறி அணைந்து கிடக்க, ரவுட்டர் அதே எண்ணை மகளின் கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டது. பிறகு அச்சுப்பொறியைப் போட்டால் ஓர் எண்ணுக்கு இருவர்! விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் அது. தாள் வரவே இல்லை. இரவில் கடை தேடி ஓடினோம். பௌதிகம் கற்பிக்கும் எனக்கு மகள் அன்று பாடம் நடத்தினாள்.

இப்போது ரவுட்டர் 100 முதல் 199 வரை மட்டும் பங்கிடுகிறது. அச்சுப்பொறியின் எண்ணை ரவுட்டரிலேயே ஒதுக்கி வைத்திருக்கிறேன். கருவியின் 48 பிட் மேக் முகவரியைப் பார்த்து ரவுட்டர் எப்போதும் அதே எண்ணைத் தரும். வீட்டுக்கு இதுவே நல்ல வழி என்பது என் கருத்து. கைப்பேசிகளில் மட்டும் இது தவறலாம். புதிய கைப்பேசிகள் தம் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன.

ஆனாலும் ஒரு முறையாவது நீங்களே எண் கொடுத்துப் பாருங்கள் என்பேன். வீட்டாரிடம் சொல்லிவிட்டு, பழைய அமைப்பைக் குறித்துக்கொண்டு, உங்கள் கணிப்பொறிக்கு 192.168.1.30 என்று கொடுங்கள். உங்கள் ரவுட்டரின் எண் வேறு விதமாகத் தொடங்கினால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முகமூடி 255.255.255.0. அடுத்து நுழைவாயில் என்ற கட்டத்தில் ரவுட்டரின் எண்ணை எழுதாமல், வேண்டுமென்றே யாருக்கும் இல்லாத ஓர் எண்ணை எழுதுங்கள். அச்சுப்பொறி வேலை செய்யும். இணையப் பக்கம் திறக்காது! ஐ.பி.யின் ஆறாம் பதிப்பும் இயங்கினால் சில தளங்கள் திறந்து உங்களைக் குழப்பும்; முன்பே அதை அணைத்துவிடுங்கள். வீட்டுக்குள் செல்லும் செய்திக்கு நுழைவாயில் ஏன் தேவைப்படவில்லை? முகமூடியில் உள்ள அந்த மூன்று 255-களையும் கடைசி 0-வையும் இரும எண்களாக எழுதி, உங்கள் முகவரிக்குக் கீழே வைத்துப் பாருங்கள்.