சமையல் மேடை காட்சி மேடை அன்று

நடுத்தர வர்க்கத்து வீடுகளில் அடுக்களையை இடித்துப் புதுக்குவது இன்று ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கினாலும் சரி, வெளிநாட்டிலிருந்து மகன் விடுமுறைக்கு வருவதானாலும் சரி, முதல் சம்மட்டி அடி விழுவது சமையல் மேடையின் மீதுதான். பதினைந்து ஆண்டுகள் முகம் கோணாமல் உழைத்த கறுப்பு கிரானைட் பலகை பெயர்த்தெறியப்படுகிறது. அதன் இடத்தில் பால்போல் வெளுத்த ‘குவார்ட்ஸ்’ வந்து அமர்கிறது. சுவரிலும் தரையிலும் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் டைல்கள். இந்த வெள்ளை மோகத்தை எதிர்த்துச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

இலக்கிய அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அடுக்களைக் கல்லில் இலக்கிய வாசகனுக்கு என்ன வேலை என்று கேட்கவும் கூடும். பழந்தமிழில் அடுக்களைக்கு ‘அட்டில்’ என்று பெயர். அடுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. அடுதல் என்றால் சமைத்தல். கொல்லுதல் என்றும் பொருள் உண்டு. சொல்லுக்குப் பொருள் எழுதி மதிப்பெண் வாங்கிய நாம், நம் வீட்டு அட்டிலில் யார் மணிக்கணக்கில் நிற்கிறார்கள், அங்கே பதித்த கல்லால் யாருடைய மூச்சு தேய்ந்தது என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா? கேட்காத வரையில் நம் சொற்பொருள் ஆராய்ச்சி வெறும் தேர்வறைச் சரக்குதான்.

நாம் சொல்ல வருவது இவ்வளவே. மேடைக்குக் கல் தேரும்போது இருவரைக் கேட்க வேண்டும். ஒருவர், அந்தக் கல்லின் மேல் அன்றாடம் வேலை செய்பவர். மற்றவர், அந்தக் கல்லை அறுத்துத் தருபவர். நடைமுறையில் இவ்விருவரைத் தவிர மற்ற எல்லோரையும் கேட்கிறோம். கடைக்காரரைக் கேட்கிறோம். உள்ளலங்கார நிபுணரைக் கேட்கிறோம். கைப்பேசியில் பார்த்த ஏதோ ஓர் அயல்நாட்டு வீட்டின் படத்தைக் கேட்கிறோம். அந்தப் படத்து அடுக்களையில் என்றைக்காவது வற்றல் குழம்பு கொதித்திருக்குமா என்று மட்டும் கேட்பதில்லை.

முதலில் சமைப்பவரின் பக்கம் நின்று பார்ப்போம். குவார்ட்ஸ் என்று கடையில் விற்பது மலையில் வெட்டிய கல்லன்று. குவார்ட்ஸ் துகளைச் செயற்கைப் பிசினில் குழைத்து, அழுத்தி, இறுக்கிச் செய்த பலகை. 1970களில் இத்தாலியில் உருவான தொழில்நுட்பம் அது. அது நீரை உறிஞ்சாது, மேற்பூச்சு கேட்காது என்று விற்பவர்கள் சொல்வது உண்மையே. அதை நாம் மறுக்கவில்லை. அவர்கள் உரக்கச் சொல்லாதது பிசினைப் பற்றி. ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிசின் நிறம் மாறும், கருகும், சில வேளை பலகையே விரிசல் விடும். அப்பளம் பொரித்து இறக்கிய வாணலியின் சூடும், தோசைக்கல்லின் சூடும் இந்த எல்லைக்கு மேலேதான். நம் அடுக்களையில் அவசரத்துக்கு வாணலியை மேடையில் ‘ணங்’ என்று வைக்காத கை எது? அந்தக் கைக்கு இனி மரப்பலகை தேடும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. வெளிர் நிறத்தில் மஞ்சள் கறை உடனே துடைக்காவிட்டால் தங்கிவிடும் என்ற கவலை வேறு. மேடை நமக்கு உழைத்த காலம் போய், நாம் மேடைக்கு உழைக்கும் காலம் வந்திருக்கிறது.

பளிங்கு வாங்குவோருக்கும் ஒரு சொல். பளிங்கு சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்தது. புளியும் எலுமிச்சையும் பட்ட இடத்தில் அதன் மெருகு அரிக்கப்பட்டு மங்கிவிடும். ஆந்திரத்துக் கடப்பையிலிருந்து வரும் கடப்பாக் கல்லும் சுண்ணாம்புக் கல்தான். அலமாரித் தட்டுக்கு அதைவிட மலிவான நல்ல கல் கிடையாது, ஆனால் புளி கரைக்கும் மேடைக்கு அது ஏற்றதன்று. பழம்பெருமை பேசுவோர் அடுக்களைக்கு ஆத்தங்குடிக் கல்லைப் பரிந்துரைக்கிறார்கள். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்துக் கையால் வார்த்து, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் அருமையான கைவேலை அது. கூடத்திலும் திண்ணையிலும் அதற்கு நிகரில்லை. ஆனால் சிமெண்டு எண்ணெயைக் குடிக்கும், அமிலத்துக்கு அஞ்சும். அதை அடுப்படியில் பதித்துவிட்டு நாள்தோறும் துடைக்கச் சொல்வது மரபுப் பற்று ஆகாது. அடுத்தவர் முதுகில் ஏறி நிற்கும் பெருமை.

டைல் விஷயத்திலும் இதே கண்ணோட்டம்தான் வேண்டும். எண்ணெயும் நீரும் சிந்தும் தரைக்கு மெருகேற்றிய டைல் ஆபத்து. வயதானவர்கள் உள்ள வீட்டில் அது இடுப்பெலும்பை முறிக்கும் பொறி. சொரசொரப்பான ‘மேட்’ வகை விட்ரிஃபைடு டைல் போதும். அது உறிஞ்சும் நீர் அரை சதவீதத்துக்கும் குறைவு. சுவருக்குச் சாதாரண பளபளப்புச் செராமிக் டைலே போதுமானது. அடுப்புக்குப் பின்னால் சின்னச்சின்னச் சில்லுகளாக மொசைக் ஒட்டுவது இப்போதைய நாகரிகம். அழுக்கு சேர்வது டைலில் அன்று, டைல்களுக்கு இடையிலுள்ள இடுக்கில். சில்லு சிறுக்கச் சிறுக்க இடுக்கு பெருகும். பழைய பல்துலக்கியை எடுத்துக்கொண்டு அதைத் தேய்க்கப் போகிறவர் அந்த வடிவமைப்பாளர் அல்லர். பெரிய டைலாகப் பார்த்து, இடுக்குக்குச் சிமெண்டு பூசாமல் எபாக்சி பூசச் சொன்னால் பாதி வேலை மிச்சம்.

இனி, அறுப்பவரின் பக்கம். அடுதல் என்ற சொல்லின் இரண்டாம் பொருள் இங்கேதான் தொடங்குகிறது. வழக்கமான குவார்ட்ஸ் பலகையில் படிகச் சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல். கிரானைட்டில் அது பெரும்பாலும் அதில் பாதியைத் தாண்டாது. அறுக்கும்போதும் மெருகேற்றும்போதும் எழும் நுண்தூசி நுரையீரலின் அடியாழம்வரை சென்று படிந்து தழும்பாகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் அந்த நோயைத் திருப்பி அனுப்பும் மருந்து இல்லை. இஸ்ரேலிலும் ஸ்பெயினிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் இப்பலகைகளை அறுத்த இளம் தொழிலாளர்கள் நுரையீரலை இழந்தார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவ்வகைப் பலகையைத் தயாரிப்பதையும் விற்பதையும் அறுப்பதையும் பொருத்துவதையும் தடை செய்துவிட்டது. நமக்கும் இந்நோய் புதிதன்று. மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சி அறுத்தவர்கள் மாண்டது பழைய கதை. ராஜஸ்தான் அரசு 2019இல் இந்நோயாளிகளுக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது.

நம் ஊரில் அறுப்பு எப்படி நடக்கிறது? அடுக்ககத்தின் மாடித் தாழ்வாரத்தில், தண்ணீர் விடாமல், கை மெஷினால். முகத்தில் ஒரு துண்டு. அந்தத் துண்டு கண்ணுக்குத் தெரியும் தூசியைத்தான் தடுக்கும். கொல்லும் தூசி கண்ணுக்குத் தெரியாது. நாம் சன்னலை இறுகச் சாத்திக்கொண்டு, சோபாவுக்குப் போர்வை போர்த்துகிறோம். சோபாவின் மேலுள்ள அக்கறையில் ஒரு பங்கு அந்த மனிதர் மேல் இருந்திருந்தால் ஒரு குடம் தண்ணீரும் ஒரு நல்ல முகக்கவசமும் வந்திருக்கும்.

சிலிக்காவைக் குறைத்த பலகைகள் வந்துவிட்டனவே என்பார்கள். வந்திருக்கின்றன. அவை வந்ததே முந்தையவற்றின் மேல் வாசித்த குற்றப்பத்திரிகைதான். அப்படியே வாங்குவதானாலும் சிலிக்கா எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கிரானைட் மட்டும் புனிதமா என்ற கேள்வியும் நியாயமானதே. ‘காஷ்மீர் ஒயிட்’ என்று உலகச் சந்தையில் விலைபோகும் கல் காஷ்மீரத்துக் கல் அன்று, மதுரை மேலூர் வட்டாரத்துக் கல். அந்த வட்டாரத்துக் குவாரி முறைகேடுகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என 2012இல் மதுரை ஆட்சியராக இருந்த சகாயம் எழுதினார். 2014இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. 2015இல் அவர் அறிக்கை தந்தார். குன்றும் கண்மாயும் சிதைந்த கதை அது. எனவே புதிய கிரானைட்டை எல்லோரும் ஓடி வாங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. நம் முதல் பரிந்துரை, இருக்கும் கல்லைப் பெயர்க்காதீர்கள் என்பதே. மங்கிய கிரானைட்டைப் பதித்த இடத்திலேயே தண்ணீர் விட்டு மீண்டும் மெருகேற்றலாம். உடைந்த பலகையை மட்டும் மாற்றலாம். பெயர்த்தே தீர வேண்டுமென்றால் பழைய பலகையைச் சுமைதூக்கும் திட்டாகவோ துணி துவைக்கும் மேடையாகவோ ஆக்கலாம்.

புதுக்கல்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கருப்பு போன்ற அடர்நிறக் கிரானைட் நம் சமையலுக்குப் பொருந்தும். அது சூட்டுக்கு அஞ்சாது, புளிக்கு மங்காது, மஞ்சளைக் காட்டிக்கொடுக்காது. அதை முறையான ரசீதுடன் வாங்குங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் அடுப்புக்குமான அளவுகளை முன்பே கொடுத்து, பட்டறையிலேயே தண்ணீர் பாய்ச்சி அறுக்கச் சொல்லுங்கள். அதற்குச் சில ஆயிரம் கூடுதலாகும். அலங்கார விளக்கு ஒன்றைக் குறைத்தால் அது கிடைத்துவிடும்.

இதெல்லாம் அழகுணர்ச்சி இல்லாதவர்களின் புலம்பல் என்று ஒதுக்குவோர் ஒதுக்கட்டும். ஆனால் அதற்கு முன், தங்கள் வீட்டு மேடையில் சமைப்பவர் பெயரையும் அந்த மேடையை அறுத்தவர் பெயரையும் சொல்லிவிட்டு ஒதுக்கட்டும். முதல் பெயர் உடனே வரும். இரண்டாவது பெயரைச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?