வராத பேருந்தும் நம் மௌனமும்



சென்ற ஆண்டில் ஒரு மாணவியின் பெயரை மூன்று முறை தாமத ஏட்டில் எழுதினேன். மூன்றாம் முறை அவளுடைய தாயாரே நேரில் வந்துவிட்டார். ரவாங்கில் தொழிற்சாலை வேலை. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அதே வழியில் வேலைக்குப் போகிறவர். "நாங்க ஆறு மணிக்கே வந்து நிக்கிறோம் சார். பஸ்தான் வரல" என்றார். எனக்கு நாணமாக இருந்தது. பேருந்து செய்த பிழைக்குப் பிள்ளையின் பெயரை அல்லவா எழுதியிருக்கிறேன்!

அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னை உறுத்தியது. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் தேசியப் பள்ளி ஒன்று இருக்கிறதாம். அடுத்த ஆண்டு அங்கேயே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறாராம். மாணவர் சேர்க்கைக்காக நாம் ஆண்டுதோறும் பதாகை கட்டுகிறோம், வீடுவீடாகப் போகிறோம். வராத ஒரு பேருந்து சத்தமில்லாமல் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய்விடும் போலிருக்கிறது.

சுங்கை சோ, ரவாங்கிற்கும் செரண்டாவிற்கும் நடுவே கூட்டரசு முதலாம் சாலையில் அமைந்த ஊர். கொமுட்டர் தொடர்வண்டி ரவாங்கில் நிற்கும். அடுத்துச் செரண்டாவில் நிற்கும். இடையிலுள்ள நமக்குச் சாலைதான் கதி. பெரோடுவா மகிழுந்துத் தொழிற்சாலை இருப்பதும் இவ்வூரில்தான். மகிழுந்து செய்யும் ஊரில் பேருந்துக்குக் கால்கடுக்க நிற்கிறோம். இதை என்னவென்று சொல்ல?

பயணக் கட்டணத்தை மட்டுமே நம்பி ஓடும் நிறுவனம், ஆள் குறைந்த நடையை முதலில் வெட்டும். நடை குறைந்தால் மக்கள் மோட்டார் சைக்கிள் வாங்குவார்கள். ஆள் இன்னும் குறையும். இந்தச் சுழலில் நம் மௌனத்துக்கும் பங்கு உண்டு. நிறுத்தத்தில் முணுமுணுத்துவிட்டுக் கலைந்து போகிறவர்களை எந்த அலுவலகமும் கணக்கில் எடுப்பதில்லை. "இங்கே தேவை இல்லை" என்றே எழுதிக்கொள்ளும்.

ஆகவே அந்தத் தாயாரிடம் ஒரு பழைய பயிற்சி ஏட்டைக் கொடுத்தேன். நாள், தடம், வரவேண்டிய நேரம், வந்த நேரம், பேருந்தின் பதிவெண், நிறுத்தத்தில் நின்றோர் தொகை, இவ்வளவே எழுதச் சொன்னேன். சில வாரங்களில் ஓர் உண்மை தெரிந்தது. பேருந்து எல்லா நாளும் ஏமாற்றவில்லை. பெரும்பாலும் திங்கட்கிழமைகளில்தான் வரவில்லை. "பஸ் சரியில்லை" என்ற புலம்பலுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "இந்தத் திங்கட்கிழமைகளில் இந்த நடை ஓடவில்லை" என்ற மடலுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மடலை யாருக்கு எழுதுவது? இங்கேதான் பலர் தடுமாறுகிறோம். 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி பேருந்து நடத்த உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்கு நிபந்தனைகளும் உண்டு. முன்பு இதைக் கவனித்த 'ஸ்பாட்' ஆணையம் கலைக்கப்பட்டு, 2019 முதல் போக்குவரத்து அமைச்சின்கீழ் உள்ள 'அப்பாட்' நிறுவனம் அப்பணியைச் செய்கிறது. கட்டணப் பேருந்து பற்றிய முறையீடு அங்கே போகவேண்டும். மாநில அரசு 2015இல் தொடங்கிய சுமார்ட் சிலாங்கூர் இலவசப் பேருந்து பற்றியது என்றால் ஊராட்சி மன்றத்தின் கதவைத் தட்டவேண்டும். நமக்கு அது உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகம். சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு படி அனுப்பிவைப்பதும் நல்லது. மலாய்மொழியில் எழுதத் தயங்கும் பெற்றோருக்கு ஆசிரியர்களாகிய நாம் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் 'டிரான்சிட்' என்ற பயணிகள் குழு முன்பு இப்படித்தான் பொதுப் போக்குவரத்துக் குறைகளை விடாமல் எழுதி வந்தது. அவர்களும் நம்மைப்போல் பயணிகள்தாம்.

தனியொருவர் மடலைவிடப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முத்திரையோடு செல்லும் மடலுக்கு எடை கூடுதல். கோரிக்கையும் சிறியதாக இருக்கட்டும்: காலை நடை தவறாமல் ஓடவேண்டும், கால அட்டவணையை நிறுத்தத்தில் ஒட்டவேண்டும், ஓடாத நாளில் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். புதிய தடம், புதிய பேருந்து எல்லாம் பிறகு கேட்கலாம்.

அந்த ஏட்டில் இன்னும் பாதிப் பக்கங்கள் எழுதாமல் இருக்கின்றன. அடுத்த சங்கக் கூட்டத்திற்கு அதைக் கொண்டு வருகிறேன். ஆறு மணிக்கு நிறுத்தத்தில் நிற்கும் பெற்றோர் யாராயினும் அன்று என்னிடம் பெயர் கொடுங்கள். ஆளுக்கோர் ஏடு தருகிறேன்.