கேளாதார் எழுதிய வரலாறு

செவிப்புலன் இழந்தார் ஒருவரின் வாழ்க்கையைப் பிறர் எழுதுங்கால், பெரும்பாலும் இரக்கத்தில் தொடங்கி இரக்கத்திலேயே முடிப்பர். கேளாதாரே எழுதுகோல் ஏந்தின் நூலின் போக்கு வேறாகும்.

பிரெஞ்சு நாட்டுப் பாரிசு நகரில் பியர் தெலோழ் என்பார் புத்தகம் கட்டும் தொழில் செய்து வாழ்ந்தார். ஏழாம் வயதில் அம்மைநோய் அவர் செவிப்புலனைக் கவர்ந்தது. 27-ஆம் வயது வரை தொடர்பற்ற சில சைகைகளே அவர் அறிந்தவை; பின்னரே கேளாதார் ஒருவரிடம் சைகைமொழியைச் செவ்வனே கற்றார். அம்மொழியைப் பழித்துப் பாதிரியார் ஒருவர் நூல் எழுதவே, அதனை மறுத்து 1779-ஆம் ஆண்டில் தெலோழ் ஒரு நூல் வெளியிட்டார். தம் வரலாற்றையும் அதிற் கூறினார், ஆயினும் புலம்பினாரல்லர். குறையென்று அவர் காட்டுவது, செவி இழந்ததை அன்று. மொழித்துணையின்றிக் கழிந்த ஆண்டுகளையே எனலாம். பாரிசு நகரத்துக் கேளாத் தொழிலாளர் நாட்டு நடப்பு அனைத்தையும் சைகையால் உரையாடியதை அவர் பெருமிதத்தோடு விளக்குகிறார். கேளாதார்க்குப் பள்ளி நிறுவிய எப்பே பாதிரியாரே சைகைமொழியைப் படைத்தார் என்பாரும் உளர். அப்பெரியாரிடம் பயிலாதாரும் அதனைப் பேசினர் என்பதற்கு இந்நூலே சான்று.

பின்வந்த பெர்தியே என்பார், பாரிசுப் பள்ளியில் ஆசிரியராய் விளங்கிய கேளாதவர். அவர் எழுதியனவோ செவிப்புலன் உடைய ஆசான்களின் வரலாறுகள்! எழுதுவார் யார், எழுதப்படுவார் யார் என்னும் முறையே இங்கு மாறிவிட்டது. கேளாதாரிடமே சைகை கற்று, கல்விக்கு உரிய மொழி அதுவே என வாதிட்ட பெபியானின் வரலாற்றை அவர் 1839-இல் வெளியிட்டார்.