சாலையை உயர்த்தினால் தண்ணீர் எங்கே போகும்?

ஐப்பசி மழைக்கு முன்னால் தென்சென்னையில் ஒரு மனு ஆண்டு தவறாமல் எழுதப்படுகிறது. கையெழுத்துப் போடுபவர்கள் மாறுவார்கள், கோரிக்கை மாறாது: தெருவை இரண்டடி உயர்த்த வேண்டும், இருபுறமும் மழைநீர் வடிகால் கட்ட வேண்டும், இனி சொட்டுத் தண்ணீர்கூடத் தேங்கக் கூடாது. வேளச்சேரியை ஒட்டிய குடியிருப்போர் சங்கம் ஒன்று அண்மையில் சுற்றுக்கு விட்ட மனுவும் இதே அச்சுதான். எரிச்சலூட்டுவது அதன் கடைசி வரி. தங்கள் பகுதியைத் ‘தாழ்வான பகுதி’ என்று அதிகாரிகள் குறிப்பிடுவதை நிறுத்த வேண்டும், அதனால் வீட்டு விலை இறங்குகிறது என்கிறது அது.

மனு போட்டு மேடாக்கக்கூடிய பள்ளமா அது? வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், ஜல்லடியன்பேட்டை எல்லாம் வெள்ளம் வந்து தங்கி, மெல்ல வடிவதற்கென்றே அமைந்த நிலம். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக நிரம்பி வழியும் உபரிநீர் வந்து சேருமிடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அரை நூற்றாண்டுக்கு முன் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் அந்த நிலத்தில், 2022இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது சுமார் 1,248 ஹெக்டேர். மற்றதெல்லாம் வீட்டுமனை, குப்பைமேடு, பறக்கும் ரயில் நிலையம், மென்பொருள் வளாகம். கடலை ஆராயும் மத்திய அரசு நிறுவனத்துக்கும் காற்றாலையை ஆராயும் நிறுவனத்துக்கும்கூடப் பள்ளிக்கரணையில்தான் இடம் கிடைத்தது.

இவ்வளவு தண்ணீரும் வெளியேற ஒரே பெரிய வாசல் ஒக்கியம் மடுவு. அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், பிறகு முட்டுக்காடு, பிறகு கடல். கடலில் ஓதம் ஏறியிருந்தால் தண்ணீர் காத்துக் கிடக்க வேண்டியதுதான். 2015 டிசம்பர் 1 தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. கொட்டியது. தாம்பரத்தின் கிழக்குப் பக்கத்துத் தண்ணீருக்கு இந்த வழியைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

இனி இருநூறடிச் சாலைக்கு வருவோம். பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் ரேடியல் சாலையைத்தான் இருநூறடிச் சாலை என்கிறார்கள். சாலையை உயர்த்தினால் வெள்ளம் ஒழியும் என்று நம்புகிற ஒவ்வொருவரும் அதைப் போய்ப் பார்க்க வேண்டும். சதுப்பு நிலத்தின் நடுவே மண் கொட்டி, கரை எழுப்பி, அதை வடக்கு தெற்காக இரண்டு துண்டாக்கிப் போட்ட சாலை அது. வண்டி ஓட்டுபவருக்கு அது சாலை, தண்ணீருக்கு அது அணை. வடக்கே தேங்கும் நீர் தெற்கே போவதற்குச் சில மதகுக் குழாய்கள் போதும் என்று யார் கணக்குப் போட்டார்கள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணைத் தெருக்களில் படகு ஓடியது. பக்கத்திலேயே அந்த உயர்ந்த சாலை இருந்தது. யாரைக் காப்பாற்றியது?

பெரிய சாலை செய்ததைச் சின்னத் தெருக்கள் தினமும் செய்கின்றன. வேளச்சேரியின் பழைய தெரு எதிலாவது நின்று பார்த்தால் போதும். வீடு கட்டியபோது மூன்று படி ஏறி உள்ளே போனார்கள். இப்போது தெருவிலிருந்து இரண்டு படி இறங்கிப் போகிறார்கள். இரும்பு கேட்டின் அடிப்பாகம் தாரில் புதைந்து, திறக்க முடியாமல், கீழ்க்கம்பியை அறுத்துவிட்டிருக்கிறார்கள். வாசலில் செங்கல் அடுக்கி சிமென்ட் பூசிய ஒரு தடுப்பு. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். இன்னும் எத்தனையோ தெருக்களில் பழைய தாரின் மேல் புதிய தார். தெரு உயர உயர அந்தத் தெருவின் பழைய வீடுகள் குளமாகின்றன. அதில் அகப்படுவது, வீட்டை இடித்து உயர்த்திக் கட்ட வசதியில்லாத குடும்பம்.

வடிகாலைப் பற்றிய நம்பிக்கை இதைவிட மோசம். வடிகால் தண்ணீரைக் குடிப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும், அவ்வளவுதான். சதுப்பு நிலம் தளும்பி நிற்கும்போது, தெருவிலிருந்து போக வேண்டிய தண்ணீர் அதே வடிகால் வழியாகத் தெருவுக்கே ஏறி வருகிறது. கோடி கோடியாகச் செலவழித்தும் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று ஆண்டுதோறும் கட்சிகள் ஒன்றையொன்று கேட்கின்றன. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது என்று ஒரு கட்சியும் சொல்லாது, ஓட்டுப் போகும்.

தண்ணீர் தேங்கவே கூடாது என்கிற இந்த வெறி, மழை பெய்தால் மணல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமும் கான்கிரீட் வடிகாலைக் கொண்டுபோனது. 2019 கோடையில் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த நகரமும் இதுதான்.

இன்னொரு அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அடையாறு, கூவம் கரைகளில் இருந்த ஏழைக் குடும்பங்களை, வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லிப் பெயர்த்தார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோரைக் குடிவைத்த இடம் பெரும்பாக்கம், இதே சதுப்பு நிலத்தின் ஓரம். வேலை நகரத்தில், பிள்ளைகளின் பழைய பள்ளி நகரத்தில், மழை வந்தால் சுற்றிலும் தண்ணீர். அதே அடையாற்றின் குறுக்கே பாலம் போட்டு நீட்டிய விமான ஓடுபாதையை மட்டும் யாரும் பெயர்க்கவில்லை. 2015இல் ஓடுதளத்தில் வெள்ளம் புகுந்து நாள்கணக்கில் விமான நிலையம் மூடிக் கிடந்தது.

பழைய பொறியாளர்கள் தரைப்பாலம் கட்டினார்கள். கொசஸ்தலை ஆற்றில் இன்றும் பார்க்கலாம். தண்ணீர் மேலே ஏறி ஓடும், போக்குவரத்தை நிறுத்துவார்கள், வடிந்ததும் வண்டலை வழித்துவிட்டுத் திறப்பார்கள். வெள்ளச் சமவெளியில் சாலைக்கு அதுதான் நியாயமான நடத்தை. ஆம்புலன்ஸும் பேருந்தும் எந்நாளும் போயாக வேண்டிய வழி என்றால் தூண்கள்மேல் கட்டுங்கள், தண்ணீர் கீழே போகட்டும். இருநூறடிச் சாலையின் சதுப்பு நிலப் பகுதியில் மண்கரையை அகற்றித் தூண்களை நிறுத்துவதே முதல் வேலை. வேளச்சேரித் தெருக்களைச் சுரண்டிப் பழைய மட்டத்துக்கு இறக்குவது அடுத்தது. மின்பெட்டிகளையும் தண்ணீர் மோட்டார்களையும் தரையிலிருந்து மேலேற்ற அரசு பணம் கொடுக்கட்டும்.

மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிவாசிகள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்துகிறார்கள். தண்ணீர் வரும், தடுக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிகிறது என்றுதானே பொருள்? மனு எழுதும்போது மட்டும் ஏன் அது மறந்துபோகிறது? 2024 அக்டோபரில் அப்படி நிறுத்தியவர்களுக்கு அபராதம் என்று பேச்சுக் கிளம்பி, போலீஸ் மறுக்க வேண்டியிருந்தது. எந்தத் தெருவின் வண்டிகள் எங்கே நிற்கலாம், எந்தச் சாலை எத்தனை அடித் தண்ணீரில் மூடப்படும், முதியவர்களை எந்தப் பள்ளிக்கு அழைத்துப் போவார்கள் என்ற பட்டியலைப் புரட்டாசியிலேயே தெருமுனைகளில் மாநகராட்சி ஒட்டட்டும்.