பொறி எங்கே தொலைந்தது?

பிரீமியர் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபர் 30ஆம் தேதி மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றன. அங்கே டாக்ஸிக்கு 20 ஆண்டுகள்தான் ஆயுள். கடைசி பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபரில். சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர்களின் பத்மினிகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளோடு காணாமல் போனது இன்னொன்றும் உண்டு. ஸ்டார்ட் ஆகாத பத்மினியை அரை மணி நேரத்தில் உறுமவைக்கும் தெருவோர மெக்கானிக்கின் கைப்பழக்கம்.

இன்றைய ஒர்க்‌ஷாப் இளைஞர் கையில் இருப்பது ஸ்கேனர். ஃபியட் 1100 வழிவந்த இந்தக் காரில் அதைச் செருக இடமே இல்லை. எனவே ஊகம் தொடங்குகிறது. முதலில் பிளக்குகள் மாறுகின்றன, அடுத்து காயில், கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் முழுவதுமாக. பில் ஏறுகிறது, வண்டி அசைவதில்லை. கழற்றிய நல்ல பாகங்களோ காயலான் கடைக்குப் போகின்றன. பத்மினி உற்பத்தி நின்று 20 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட நிலையில், தொலைத்த அசல் பாகம் திரும்பக் கிடைப்பது அரிது. பல பழைய கார்கள் உடைப்புக்குப் போவது பழுதினால் அல்ல, பழுதைக் கண்டுபிடிக்காததால்.

இத்தனைக்கும் இதன் இக்னிஷன் அமைப்பு எளிமையானது. அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, 1910ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்த அதே ஏற்பாடு. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் சாவி சுவிட்ச் வழியாகக் காயிலுக்கு வந்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் வழியாக எர்த் ஆகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலில் பல ஆயிரம் வோல்ட் பிறக்கிறது. ரோட்டார் அதை முறைப்படி நான்கு பிளக்குகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. ஆக, இருப்பது இரண்டு பாதைகள்: காயில்வரை குறைந்த அழுத்தம், காயிலுக்குப் பிறகு உயர் அழுத்தம். பழுது எந்தப் பாதையில் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் பேட்டரி. ஹெட்லைட் பளிச்சென்று எரிந்து, செல்ஃப் எஞ்சினைத் தெம்பாகச் சுற்ற வேண்டும். இல்லையென்றால் பேட்டரி முனைகளையும் எர்த் பட்டையையும் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். அடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்குப் போகும் தடித்த வயரை மூடியிலிருந்து கழற்றவும். ரப்பர் பிடியுள்ள குறடால் அதன் நுனியை எஞ்சின் இரும்பிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லவும். பெட்ரோல் கசிவு இருந்தால் இந்தச் சோதனை கூடாது. நீலப் பொறி சடசடவென்று பாய்ந்தால் காயில்வரை சரி. குற்றவாளி மூடி, ரோட்டார், பிளக் வயர், பிளக் ஆகியவற்றில் ஒன்று. மும்பை மழைக்காலத்தில் மூடிக்குள் கோத்த ஈரமே போதும், பொறியைக் குடித்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, மயிரிழை விரிசலோ கரிக்கோடோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

பொறியே இல்லையா? இனி தேவைப்படுவது இரண்டு வயர் இணைத்த ஒரு 12 வோல்ட் பல்பு. ஒரு வயரை எர்த்தில் வைத்து, சாவியைத் திருப்பி, மற்றதைச் சுவிட்சிலிருந்து வரும் காயில் முனையில் தொட வேண்டும். எரியவில்லை என்றால் கோளாறு சுவிட்சிலோ அங்கிருந்து வரும் வயரிலோ. எரிந்தால், பல்பை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் காயில் முனைக்கு மாற்றி செல்ஃப் அடிக்க வேண்டும். பல்பு சிமிட்டினால் பாயிண்ட் வேலை செய்கிறது. அணையாமலே எரிந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது அதன் முகத்தில் அழுக்கு. நெடுநாள் நின்ற வண்டிகளில் அடிக்கடி காணப்படுவது இதுதான். மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தால் போதும்.

பல்பு எரியவே இல்லை என்றால், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு அதே முனையை மீண்டும் தொட வேண்டும். இப்போது எரிந்தால் அந்த வயரிலோ டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளோ ஷார்ட், பெரும்பாலும் கண்டென்சர் அல்லது பாயிண்டின் இன்சுலேஷன் வாஷர். அப்போதும் எரியாவிட்டால் காயிலின் உட்சுற்று அறுந்திருக்கிறது. இந்த முடிவுக்கு வந்த பிறகே புதுக் காயில் வாங்கக் கடைக்குப் போகலாம்.

பல்பு சிமிட்டியும் பொறி வராமல், அல்லது மஞ்சளாகச் சோர்ந்து வந்தால், கண்டென்சரைத்தான் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும். விரல் நுனி அளவுள்ள, விலை குறைந்த பாகம் அது. பாயிண்டின் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். அதிலும் சரியாகாவிட்டால் தடித்த வயரும் காயிலும்.

புதியது என்பதாலேயே ஒரு பாகம் நல்லது என்று நம்பிவிட முடியாது. கடையில் வாங்கிய புதுக் கண்டென்சரே முதல் நாளில் செத்துப்போவதுண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பலனைப் பார்த்து, பயன் இல்லையென்றால் பழையதையே திரும்பப் பூட்டுவது பாகத்தையும் காக்கும், பணத்தையும் காக்கும். சோதனையின்போது சாவியைத் திருப்பியபடியே நெடுநேரம் விட்டால் காயில் சூடேறிக் கெடும் என்பதையும் மறக்கக் கூடாது.

பத்மினி டிக்கியில் ஸ்டெப்னியோடு இருக்க வேண்டியவை: ஓட்டிப் பார்த்து நல்லது என்று தெரிந்த ஒரு கண்டென்சர், ஒரு ரோட்டார், ஒரு செட் பாயிண்ட், எமரித் தாள், வயர் வைத்த அந்த பல்பு.